நகர மையத்தைப் புதுப்பிக்கும் கூட்டு நிறுவனம்: கவுன்சிலின் கண்காணிப்புக் குழு எதுவரை கேட்கலாம்?

வடகரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நடுத்தர நகரம் ஒன்றில் முதன்முறையாகக் கவுன்சிலராகத் தேர்வாகியிருக்கிறேன். ஆளும் கட்சிதான், ஆனால் முடிவெடுக்கும் சிறு குழுவான கேபினெட்டில் இல்லை. பொருளாதார வளர்ச்சியைப் பார்க்கும் கண்காணிப்புக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் நகர மையம் பல ஆண்டுகளாகச் சோர்ந்து கிடக்கிறது. அதைப் புதுப்பிக்கக் கவுன்சிலும் ஒரு தனியார் கட்டுமான நிறுவனமும் சம பங்கில் ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்திருக்கின்றன. நிலம் எங்களுடையது, முதலீடும் கட்டும் திறனும் அவர்களுடையது என்பது ஏற்பாடு. அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை அண்மையில் எங்கள் குழுவுக்கு வந்தது. நிறையப் படங்கள், உருவான வேலைகளின் எண்ணிக்கை, வரப்போகும் பூங்கா. நிலத்துக்கு என்ன மதிப்புப் போட்டார்கள், இதுவரை எவ்வளவு கடன், இலாபம் வந்தால் யாருக்கு முதலில் போகும் என்பவை மட்டும் இரகசிய இணைப்பில் இருந்தன. அந்தப் பகுதி வந்ததும் பொதுமக்களை வெளியே அனுப்பினார்கள். இணைப்பின் பிரதிகளை எங்களிடம் கொடுத்தார்கள், கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரை அழைத்திருந்தோம். அவர் வரவில்லை. பதில் சொல்ல வந்தவர் எங்கள் கேபினெட் உறுப்பினர். அவரே அந்த நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரும்கூட.

எனக்கு இந்தத் திட்டம் தோற்க வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. வெற்றி பெற வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன். சட்டப்படி எங்கள் குழுவின் கை எதுவரை நீளும்? எந்தக் கேள்விகளைக் கேட்டால் உண்மையான நிலை தெரியவரும்?


முன்னாள் எழுத்தர் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. ஒரு கவுன்சிலின் குழுப் பிரிவில் நெடுங்காலம் நிகழ்ச்சி நிரலும் கூட்டக் குறிப்பும் எழுதியவன் நான். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் விதிகள் வேறு.

இன்றைய ஏற்பாடு 2000ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் கவுன்சிலர்கள் குழுக்களில் உட்கார்ந்து கூட்டாக முடிவெடுத்தார்கள். அந்தச் சட்டம் முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒரு தலைவரிடமும் சில கேபினெட் உறுப்பினர்களிடமும் குவித்தது. அதற்கு ஈடாகத்தான் மற்றக் கவுன்சிலர்களைக் கொண்ட கண்காணிப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. கேபினெட் உறுப்பினர் எவரும் அதில் இருக்க முடியாது. விரும்பினால் பழைய குழு முறைக்கே திரும்பலாம் என்று 2011ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. உங்கள் கவுன்சில் கேபினெட் முறையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் குழு அழைத்தால் கேபினெட் உறுப்பினரும் கவுன்சில் அலுவலரும் வந்தே ஆக வேண்டும். வெளியாரை அழைக்கலாம், வரவழைக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே அந்த நிர்வாக இயக்குநர் வராததில் சட்ட மீறல் எதுவும் இல்லை. இந்த ஓட்டையை நீங்கள் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பணமும் நிலமும் பொதுமக்களுடையவை. அவற்றைக் கையாள்வது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான தனி நிறுவனம். அந்த நிறுவனத்திடம் உங்கள் குழுவின் அதிகாரம் செல்லாது.

ஆவணங்களின் கதை கொஞ்சம் நன்றாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கண்காணிப்புக் குழு உறுப்பினர் ஒருவர் தம் குழு ஆராய்ந்துகொண்டிருக்கும் முடிவு தொடர்பான ஆவணத்தைக் கேட்டால், கேபினெட் முழுமையான 10 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இரகசியப் பகுதியையும் கேட்கலாம். ஆனால் அது குழு ஆராயும் விஷயத்தோடோ குழுவின் பணித் திட்டத்தோடோ தொடர்புடையதாக இருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எனவே முதல் வேலையாக அந்தக் கூட்டு நிறுவனத்தை உங்கள் குழுவின் பணித் திட்டத்தில் பெயர் சொல்லிச் சேருங்கள். சேர்த்துவிட்டால், கூட்டம் முடிந்ததும் பிரதியைப் பிடுங்கிக்கொள்வது எந்த விதியின்படி என்று தைரியமாகக் கேட்கலாம்.

இங்கும் ஒரு எல்லை உண்டு. கேபினெட்டின் கையிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள ஆவணங்களுக்குத்தான் அந்த உரிமை. கூட்டாளி நிறுவனம் தன் அலுவலகத்தில் வைத்திருக்கும் கணக்கு அதில் அடங்காது.


பேரேடு எழுதியது:

ஐயா சொன்னதன் தொடர்ச்சியாக, 2019 மே மாதம் அரசு வெளியிட்ட கண்காணிப்பு வழிகாட்டியைத் தேடி வாசியுங்கள். பிறகு திருத்தியும் வெளியிட்டார்கள். கவுன்சிலின் பணம் எங்கே போகிறதோ அங்கெல்லாம் அதைப் பின்தொடரும் அக்கறை கண்காணிப்புக் குழுவுக்கு நியாயமானது என்று அது ஒப்புக்கொள்கிறது. அதைவிட முக்கியமான பகுதி ஒன்று உண்டு. வெளி நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்யும்போதே, கண்காணிப்புக் குழுவுக்குத் தகவல் தரவும் அதன் முன் வரவும் வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாமா என்று கவுன்சில் யோசிக்க வேண்டும் என்கிறது. யோசிக்க வேண்டும் என்பதுதான் சொல், கட்டாயம் இல்லை. ஆனால் யோசித்தார்களா, எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

நான் கணக்குத் துறையில் இருப்பவள். கூட்டு நிறுவனம் என்றதும் நான் தேடுவது பங்காளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உறுப்பினர் உடன்படிக்கை. ஆண்டறிக்கையை அதற்குப் பிறகுதான் தொடுவேன். சம பங்கு என்று சொல்லிவிட்டதால் சமமான இடர் என்று நினைத்துவிட வேண்டாம். பல கூட்டு நிறுவனங்களில் கவுன்சில் நிலத்தைக் கொடுத்துவிட்டு அதன் மதிப்புக்குக் கடன் பத்திரம் வாங்கிக்கொள்கிறது. தனியார் தரப்பு ஈடான பணத்தைப் போடுகிறது. அதன் பிறகு அதே தனியார் தரப்பின் இன்னொரு கிளை திட்ட மேலாண்மைக் கட்டணம் என்று ஒன்றை எடுத்துக்கொள்ளும். கட்டடம் இலாபம் ஈட்டினாலும் நட்டமானாலும் அந்தக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். கவுன்சிலின் பங்கு கடைசியில், எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சியதில் வரும். சம பங்கு என்ற பெயருக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்க முடியும். ஆகவே கேட்க வேண்டியது: கட்டணங்கள் எவை, யாருக்கு, எப்போது? எங்கள் கடன் பத்திரம் எந்த வரிசையில் தீர்க்கப்படும்? வங்கிக் கடன் எங்கள் நிலத்தை அடமானமாகக் கொண்டதா?

அடுத்து, கவுன்சிலே அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறதா என்று பாருங்கள். கவுன்சில்களுக்கு அரசு கடன் தரும் பொதுப்பணிக் கடன் வாரியத்தில் குறைந்த வட்டிக்கு வாங்கி, நிறுவனத்துக்கு அதிக வட்டிக்குக் கொடுத்தால் நடுவில் வருமானம் கிடைக்கும் என்று பல கவுன்சில்கள் கணக்குப் போட்டன. தென் லண்டனின் குரொய்டனில் நடந்தது ஊரறிந்த செய்தி. கவுன்சிலுக்கு முழுச் சொந்தமான, வீடு கட்டும் பிரிக் பை பிரிக் நிறுவனத்துக்குச் சுமார் 20 கோடி பவுண்டு கடன் போயிருந்தது. 2020 அக்டோபரில் வெளித் தணிக்கையாளர் பொதுநல அறிக்கை வெளியிட்ட நேரத்தில் வட்டியும் வந்து சேர்ந்திருக்கவில்லை, ஈவுத்தொகையும் வரவில்லை. அடுத்த மாதமே 114ஆம் பிரிவு அறிவிப்பு வந்தது. கட்டாயச் செலவுகளைத் தவிரப் புதிதாக எதற்கும் செலவு செய்யக் கூடாது என்று நிதிப் பொறுப்பு அலுவலர் பிறப்பிக்கும் அறிவிப்பு அது. வோகிங் இன்னும் மோசம். விக்டோரியா சதுக்கம் போன்ற திட்டங்களுக்காகக் கடன் மேல் கடன் வாங்கிய சிறிய கவுன்சில். 2023 ஜூனில் அறிவிப்பு வந்தபோது எதிர்பார்த்த பற்றாக்குறை 120 கோடி பவுண்டு. அந்த ஆண்டு அதன் கையில் இருந்த அடிப்படை நிதி 1.6 கோடி பவுண்டுதான்.

இரண்டு ஊர்களிலும் கவுன்சிலர்கள் இருந்தார்கள், கண்காணிப்புக் குழுக்களும் இருந்தன.


ஈரநிலம் எழுதியது:

மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் கட்டுமான நிறுவனங்களுக்கு ஆலோசகராக வேலை செய்கிறேன், அதை மறைக்கவில்லை.

அக்கா காட்டிய இரண்டு எடுத்துக்காட்டுகளையும் பாருங்கள். பிரிக் பை பிரிக் முழுக்கக் கவுன்சிலின் சொத்து. அங்கே எதிர்க்கேள்வி கேட்கத் தனியார் பங்காளியே இல்லை. வோகிங்கிலும் கடன் சுமையைக் கவுன்சில் தானே தூக்கிக்கொண்டது. வெளியிலிருந்து ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டால் குறைந்தபட்சம் அவர் கணக்குப் பார்ப்பார்.

2010க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் எவ்வளவு வெட்டப்பட்டது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பாழடைந்த வணிக வளாகத்தை வாங்கி, இடித்து, மண்ணைச் சுத்தம் செய்து, வடிகால் போட்டு, வீடு கட்டி விற்கும்வரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். கவுன்சிலிடம் அந்தத் திறமையும் இல்லை, பணமும் இல்லை. அப்படியிருக்க, ஒவ்வொரு காலாண்டும் கட்சி வேறுபாட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவின் முன் எங்கள் விலைப் புள்ளிகளை விரித்து வைத்தால், அடுத்த ஒப்பந்தத்தில் துணை ஒப்பந்தக்காரர்களுடன் நாங்கள் எப்படிப் பேரம் பேசுவது? போட்டியாளர் அந்தக் காகிதத்தைப் படித்தால் நட்டம் கவுன்சிலுக்கும்தானே?

இரகசியத்துக்கும் காரணம் உண்டு. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.


நிலாமுற்றம் எழுதியது:

ஈரநிலம் சொல்வது சரி, விலைப் புள்ளிகளுக்கு இரகசியம் தேவைதான். ஆனால் 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 12ஏ அட்டவணையில் அந்த விலக்குக்குப் பக்கத்திலேயே பொதுநலன் சோதனையும் எழுதப்பட்டிருக்கிறது. மறைப்பதால் வரும் நன்மை வெளியிடுவதால் வரும் நன்மையைவிடக் கூடுதலாக இருந்தால்தான் மறைக்கலாம். நடைமுறையில் என்ன நடக்கிறது? அறிக்கையின் முகப்பில் ஒரே வரியில் விலக்கு என்று எழுதிவிட்டுச் சோதனையை யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று எவரும் சொல்வதில்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை குடும்பங்களின் வீடு இருக்கிறது என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

நான் வட லண்டனில் டொட்டனம் பக்கம் வசிப்பவள். எங்கள் ஹாரிங்கே கவுன்சில் லெண்ட்லீஸ் என்ற கட்டுமான நிறுவனத்துடன் சம பங்கில் அமைக்கவிருந்த கூட்டு நிறுவனத்தின் வரலாறு தம்பிக்கு உதவும். 200 கோடி பவுண்டு மதிப்பு என்று சொல்லப்பட்ட, 20 ஆண்டுக்கான திட்டம். நோர்தம்பர்லேண்ட் பார்க் குடியிருப்பு, வுட் கிரீன் பகுதியில் கவுன்சிலின் கட்டடங்கள், வணிகச் சொத்துகள் எல்லாம் அதற்குள் போக இருந்தன. அதே கவுன்சிலின் வீட்டுவசதி, மீளுருவாக்கக் கண்காணிப்புக் குழு 2017 ஜனவரியில், உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முன்பே, திட்டத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவிலும் பெரும்பான்மை ஆளும் தொழிற் கட்சிதான். இடர்கள் எவை, குடியிருப்போர் திரும்பி வரும் உரிமை எழுத்தில் இருக்கிறதா, கவுன்சிலின் கட்டுப்பாடு எங்கே முடிகிறது என்றெல்லாம் கேட்டார்கள். கேபினெட் அதை மீறி முன்னே போனது. ஜூலையில் ஒப்புதலும் கொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்தவை: நீதிமன்றத்தில் வழக்கு, தெருவில் எதிர்ப்பு, கட்சிக்குள்ளேயே வேட்பாளர் தேர்வில் புயல். 2018 பிப்ரவரியில் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் கவுன்சில் தலைவர் விலகப் போவதாக அறிவித்துவிட்டார். மே மாதத் தேர்தலுக்குப் பின் வந்த புதிய தலைமை ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது.

கண்காணிப்புக் குழுவின் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் நிதானித்திருந்தால் குடியிருப்போரோடு பேசித் திருத்திய ஒரு திட்டமாவது மிஞ்சியிருக்கலாம் என்று நான் இன்றும் நம்புகிறேன். கேள்விகளால் திட்டம் தாமதமாகிறது என்று ஈரநிலம் போன்றவர்கள் சொல்லும்போது எனக்கு அந்த ஜனவரி அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது.


ஈரநிலம் எழுதியது:

ஹாரிங்கேயில் நடந்தது அரசியல் போர் என்பது என் எண்ணம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. அந்தக் கூட்டு நிறுவனம் முன்னே போயிருந்தாலும், குடியிருப்போரின் நம்பிக்கை இல்லாமல் ஒரு குடியிருப்பைக் காலி செய்வது எந்தக் கட்டுமான நிறுவனத்துக்கும் தலைவலிதான். எங்கள் தொழிலில் நல்ல நிறுவனங்கள் அதை அறிந்தே வைத்திருக்கின்றன.


கடைத்தெரு எழுதியது:

நான் இப்படி ஒரு திட்டப் பகுதிக்குள் சிறு வியாபாரம் செய்தவன். எந்த நகரம் என்பது தேவையில்லை. புதிய வளாகத்தில் எத்தனை வேலைகள் வந்தன என்று அறிக்கைகளில் ஒரு எண் போடுவார்கள். அந்த வேலைகளில் பல, பக்கத்துத் தெருவிலிருந்த வங்கிக் கிளையும் மருந்துக் கடையும் புதிய கட்டடத்துக்கு மாறியதால் வந்தவை. ஆட்கள் அதே ஆட்கள். பழைய தெரு இருண்டுபோனது. கட்டுமான ஆண்டுகளில் பாதையை மூடியதால் கடையை மூடியவர்கள் எத்தனை பேர் என்று எந்த அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

கவுன்சிலர் தம்பி, உங்கள் குழுவில் எங்களைப் போன்றவர்களை ஒரு மணி நேரம் பேச விடுங்கள். அந்த ஆண்டறிக்கை பேசாததை நாங்கள் பேசுவோம்.


பேரேடு எழுதியது:

கடைத்தெரு அண்ணா சொன்னதற்குத் திறைசேரியின் பசுமை நூலிலேயே இடம் இருக்கிறது. பொதுப் பணத்தில் செய்யும் திட்டத்தின் பலனை எப்படி மதிப்பிட வேண்டும் என்று அரசு தானே எழுதி வைத்திருக்கும் கையேடு அது. திட்டம் இல்லாவிட்டாலும் எப்படியும் வந்திருக்கும் வேலைகளைக் கழிக்க வேண்டும். வேறிடத்திலிருந்து நகர்ந்து வந்தவற்றைக் கழிக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குப் போனவற்றையும், இந்த ஊருக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால், தனியே காட்ட வேண்டும். கழித்த பிறகு மிஞ்சுவதுதான் திட்டத்தின் பலன். தம்பி, உங்கள் ஆண்டறிக்கையில் இருப்பது கழிப்பதற்கு முன்னுள்ள எண்ணா, பின்னுள்ள எண்ணா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அந்தப் பதிலிலிருந்து தானாக அவிழும்.

நிலத்தின் மதிப்பையும் விடாதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விலைக்குக் குறைவாகக் கவுன்சில் தன் நிலத்தைக் கைமாற்றக் கூடாது என்கிறது. விலக்கு வேண்டுமானால் அமைச்சரின் ஒப்புதல் தேவை, சில வகைகளுக்குப் பொது ஒப்புதலும் உண்டு. மதிப்பீட்டை யார் செய்தார், எந்தத் தேதியில், எந்த அடிப்படையில் என்பது இரகசியமாக இருக்க வேண்டிய விஷயமே அல்ல. மதிப்பீடு செய்த ஆண்டுக்கும் நிலம் கைமாறும் ஆண்டுக்கும் நடுவில் திட்ட அனுமதி கிடைத்திருந்தால் மதிப்பு ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தில் கவுன்சிலுக்குப் பங்கு உண்டா?


வடகரையான் எழுதியது:

ஒவ்வொருவருக்கும் நன்றி. பணித் திட்டத்தில் சேர்க்கும் கோரிக்கையை எங்கள் தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். சிறு வியாபாரிகளை அழைப்பதற்கும் அவர் தயக்கம் காட்டவில்லை.

இயக்குநர் விஷயத்தில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. கேபினெட் உறுப்பினர் நிறுவனத்தின் இயக்குநர் பலகையில் இருப்பதுதான் கவுன்சிலின் கட்டுப்பாடு என்று எங்களுக்குச் சொல்கிறார்கள். நம் ஆள் உள்ளே இருக்கிறார், பிறகென்ன கவலை என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. எங்கே இடிக்கிறது?


முன்னாள் எழுத்தர் எழுதியது:

இடிக்கும் இடம் 2006ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 172ஆம் பிரிவு. இயக்குநர் என்று கையெழுத்துப் போட்ட கணத்திலிருந்து, அந்தப் பலகையில் உட்காரும்போது அவருடைய கடமை நிறுவனத்தின் வெற்றிக்கு. 173ஆம் பிரிவு அவர் சுயமாகத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. 175ஆம் பிரிவு நலன் முரண்பாட்டைத் தவிர்க்கச் சொல்கிறது. இப்போது நினைத்துப் பாருங்கள். நிறுவனத்துக்கு மலிவாக நிலம் கிடைப்பது நிறுவனத்துக்கு நல்லது. கவுன்சிலுக்கு அதே நிலம் நல்ல விலைக்குப் போவது நல்லது. அந்த மனிதர் காலையில் பலகையிலும் மாலையில் கேபினெட்டிலும் உட்கார்ந்தால் எந்த இடத்தில் யாருக்காகப் பேசுகிறார்? அவர் நேர்மையானவராக இருக்கலாம். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்களே. ஆனால் நிறுவனத்தின் சார்பில் அவரே விளக்கம் சொல்ல, கவுன்சிலின் சார்பில் அவரே அதை ஏற்றுக்கொள்ள, உங்கள் குழுவின் முன் மீண்டும் அவரே பதில் சொல்ல வந்தால் அங்கே கண்காணிப்பு என்று ஒன்று எஞ்சுவதில்லை.

ஆகவே இரண்டையும் பிரிக்கச் சொல்லிப் பரிந்துரையுங்கள். பலகைக்கு அலுவலர் ஒருவரோ துறை தெரிந்த வெளியாள் ஒருவரோ போகட்டும். கவுன்சில் பங்குதாரர் என்ற முறையில் எடுக்க வேண்டிய முடிவுகளுக்குக் கேபினெட்டின் கீழ் ஒரு பங்குதாரர் குழு இருக்கட்டும். புதிய கடன், வணிகத் திட்ட மாற்றம், பங்கு விற்பனை, புதிய நிலம் சேர்த்தல் போன்றவை அந்தக் குழுவின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது என்று உடன்படிக்கையில் ஒதுக்கி வைக்கலாம். அந்தப் பங்குதாரர் குழுவின் முடிவு கேபினெட் முடிவு. அதை நீங்கள் கேள்வி கேட்கலாம், ஆவணம் கேட்கலாம், அமலாவதற்கு முன் மறுபரிசீலனைக்கு அழைக்கலாம். நிறுவனத்துக்குள் நடப்பதைத் தொட முடியாத உங்கள் குழு, வாசலில் நடப்பதைத் தொட முடியும். வாசலை அகலமாக வைத்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. மறுபரிசீலனைக்கு அழைக்கும் கால அளவு மிகக் குறுகியது, பல கவுன்சில்களில் ஐந்து வேலை நாட்கள்தான். அதனால் 28 நாட்களுக்கு முன் வெளியிட வேண்டிய முக்கிய முடிவுகளின் அறிவிப்பை உங்கள் குழு ஒவ்வொரு மாதமும் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் டீஸ்வொர்க்ஸ். 2015இல் இங்கிலாந்தின் வடகிழக்கில் ரெட்கார் எஃகு ஆலை மூடப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் ஒரே அடியில் வேலை இழந்தார்கள். அந்தப் பெருநிலத்தை மீட்க 2017இல் சவுத் டீஸ் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. லண்டனுக்கு வெளியே மேயரின் கீழ் அமைந்த முதல் வளர்ச்சிக் கழகம் அதுதான். பிறகு வந்ததுதான் டீஸ்வொர்க்ஸ் கூட்டு நிறுவனம், முதலில் பாதிக்குப் பாதி. 2021இல் தனியார் தரப்பின் பங்கு 90 சதவீதமானது. பொது ஏலமோ ஒப்பந்தப் புள்ளியோ இல்லை. அரசு நியமித்த சுயேச்சைக் குழு 2024 ஜனவரியில் அறிக்கை தந்தது. ஊழலுக்கோ சட்ட மீறலுக்கோ சான்று காணவில்லை என்று தெளிவாகச் சொன்னது. அதை நாமும் அப்படியே சொல்ல வேண்டும். அதே அறிக்கை, நிர்வாகத்திலும் வெளிப்படைத்தன்மையிலும் குறைகள் உண்டு, சில முடிவுகள் பொதுப் பணத்தைக் கையாளும்போது எதிர்பார்க்கும் தரத்தில் இல்லை என்றும் சொல்லி 28 பரிந்துரைகளைக் கொடுத்தது. பங்கு பாதியிலிருந்து 90க்குப் போவது போன்ற ஒரு முடிவு, விளக்கமான அறிக்கையோடு மக்கள் பிரதிநிதிகள் முன் திறந்த கூட்டத்தில் வந்திருக்க வேண்டாமா? அந்த வட்டாரத்துக்கு வேலை தேவை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதனால்தான் கேள்வி இன்னும் கனமாகிறது.


நிலாமுற்றம் எழுதியது:

கவுன்சிலர் அல்லாத வாசகர்களுக்காக ஒன்று. நாமும் கேட்கலாம். தகவல் அறியும் சட்டம் முழுக்கப் பொதுத்துறைக்குச் சொந்தமான நிறுவனங்களுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். தனியாருக்குப் பாதிப் பங்கு இருந்தால் அந்த நிறுவனத்திடம் கேட்க முடியாது. ஆனால் கவுன்சிலிடம் இருக்கும் அதன் ஆவணங்களைக் கவுன்சிலிடம் கேட்கலாம். நிலம், கட்டுமானம் தொடர்பானவற்றுக்கு 2004ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தகவல் விதிமுறைகள் இன்னும் வலுவானவை. கிரீனிச் தீபகற்பத் திட்டத்தில் மலிவு வீடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்குக் காட்டிய இலாப மதிப்பீட்டை வெளியிடுமாறு 2015இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வணிக இரகசியம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இன்னொரு கதவை மிகச் சிலரே தட்டுகிறார்கள். 2014ஆம் ஆண்டு உள்ளூர்த் தணிக்கைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒவ்வோர் ஆண்டும் 30 வேலை நாட்கள் கவுன்சிலின் கணக்குகளையும் அவற்றோடு தொடர்புடைய ஒப்பந்தங்கள், பில்கள், ரசீதுகளையும் பார்வையிடலாம். அந்த ஊர் வாக்காளர் என்றால் தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கலாம், ஆட்சேபமும் எழுப்பலாம். கவுன்சில் இணையதளத்தில் அறிவிப்பு ஒரு மூலையில் வரும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.


ஈரநிலம் எழுதியது:

நம்பிக்கையோடு ஒன்று சொல்கிறேன். தம்பியின் நகரத்தில் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அதைத் திருத்தச் சொன்னால் தனியார் தரப்பு பதிலுக்கு ஏதாவது கேட்கும். எதுவும் கொடுக்காமல் உரிமையைப் பெற முடியாது. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்கள் ஒரே மூச்சில் நடப்பதில்லை. ஒவ்வொரு கட்ட நிலமும் நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே கைமாறும்: திட்ட அனுமதி, நிதி ஏற்பாடு, இலாபக் கணக்கு. அடுத்த கட்டத்தின் நிலம் இன்னும் கவுன்சிலிடம் இருந்தால் பேரம் பேசும் நேரம் அதுதான். எங்கள் தரப்பு அந்த மேசையில் காலக்கெடுவுக்காக அவசரப்படும். அப்போது தகவல் தரும் நிபந்தனையைக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அதற்கு ஆகும் செலவு குறைவு. குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் நிலம் திரும்பி வரும் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கேட்க வேண்டிய முதல் விஷயம் அது.

விலைப் புள்ளிகளை வேறு தாளில் வைக்க விடுங்கள். மீதியைத் திறந்து வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.


வடகரையான் எழுதியது:

ஈரநிலம் அண்ணா, இது பெரிய உதவி. விசாரித்தேன். இரண்டாம் கட்ட நிலம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அதற்கான முக்கிய முடிவு அறிவிப்பு இந்த மாதப் பட்டியலில் வந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் வைக்கப்போகும் பரிந்துரையை இப்படி எழுதியிருக்கிறேன். திருத்திக் கொடுங்கள்:

“இரண்டாம் கட்ட நிலத்தைக் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றும் முடிவை எடுப்பதற்கு முன், இந்தக் குழு கேபினெட்டைக் கேட்டுக்கொள்வது: நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஆண்டுக்கு இரு முறை இந்தக் குழுவின் முன் வந்து பதிலளிக்க வேண்டும் என்பதும், குழு கேட்கும் தகவலை 10 நாட்களுக்குள் தர வேண்டும் என்பதும் மாற்று ஒப்பந்தத்தின் நிபந்தனைகளாக இருக்க வேண்டும். நில மதிப்பீட்டின் தேதியும் அடிப்படையும் திறந்த அறிக்கையில் வர வேண்டும். இரகசியமாக வைக்கப்படும் ஒவ்வொரு பத்திக்கும் பொதுநலன் சோதனையின் காரணம் தனித்தனியே எழுதப்பட வேண்டும். உருவான வேலைகளை, இடம் மாறி வந்தவற்றைக் கழித்த பிறகே அறிவிக்க வேண்டும். கேபினெட் உறுப்பினர் எவரும் நிறுவனத்தின் இயக்குநராக இருக்கக் கூடாது.”


முன்னாள் எழுத்தர் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது தம்பி. இரண்டு மாற்றங்கள். “கேட்டுக்கொள்வது” என்பதற்குப் பிறகு, உங்கள் பரிந்துரைக்குக் கேபினெட் பதிலளிக்க வேண்டிய கால அளவைச் சேருங்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9எஃப்இ பிரிவின் கீழ் குழு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால், இரண்டு மாதங்களுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். எந்தப் பரிந்துரையை ஏற்கிறார்கள், எதை ஏற்கவில்லை என்று அதில் இருக்க வேண்டும். கூட்டக் குறிப்பில் அந்தப் பிரிவின் எண்ணோடு பதியச் சொல்லுங்கள்.

இரண்டாவது, “தகவல்” என்று மட்டும் எழுதினால் தங்களுக்குப் பிடித்ததைக் கொடுப்பார்கள். காலாண்டு மேலாண்மைக் கணக்கு, கட்டணங்களின் பட்டியல், கடன் நிலுவை, இடர்ப் பதிவேடு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அலுவலர்களிடம் வரைவைக் கொடுக்கும்போது சட்டப் பிரிவுக்கும் நிதிப் பொறுப்பு அலுவலருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒருவர் பார்க்கட்டும் என்று மற்றவர் காத்திருந்தால் அறிவிப்பின் 28 நாட்களும் போய்விடும்.


பேரேடு எழுதியது:

“கட்டணங்களின் பட்டியல்” என்பதை “கூட்டாளியின் துணை நிறுவனங்களுக்குச் செலுத்தியவை உட்பட” என்று நீட்டிக்கொள்ளுங்கள் தம்பி. கூட்டம் நடந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், பதிலைச் சேர்ந்து படிப்போம்.